மூன்றாம் நாளைத் தாண்டுவது எப்படி? சிகரெட் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் இருமல் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடைசியில் சிகரெட்டில்தான் போய் நின்றன. அதனால் இந்த முறை முழுக்க அதுவே. கேட்டவர்களில் அநேகமாக எல்லோரும் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், போடவில்லை.

கேள்வி: வயது 43. கல்லூரியில் பிடித்த பழக்கம், இப்போது ஒரு நாளைக்கு 15 சிகரெட். எத்தனையோ முறை விட்டுப் பார்த்துவிட்டேன். முதல் நாளை எப்படியோ ஓட்டிவிடுகிறேன், மூன்றாம் நாள் யார் என்ன பேசினாலும் எரிந்து விழுகிறேன், அன்று சாயங்காலமே மறுபடி ஆரம்பித்துவிடுகிறேன். உனக்கு மன உறுதியே கிடையாது என்கிறார்கள் வீட்டில். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சரிப்பட்டு வருமா?

பதில்: மன உறுதிப் பேச்சை முதலில் ஓரமாக வையுங்கள். நீங்கள் சரியாக மூன்றாம் நாளில் விழுவதற்குக் காரணம் இருக்கிறது. புகையை உள்ளே இழுத்த பத்து இருபது நொடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய், அங்கே சுக உணர்வைத் தருகிற டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது. கொஞ்சம் சுகம், கொஞ்சம் தெளிவு. ஆனால் ரத்தத்தில் இருக்கிற நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அது குறையக் குறைய உடம்பு அடுத்ததைக் கேட்கும், அதனால்தான் நீங்கள் யோசிக்காமலேயே கை சட்டைப் பைக்குப் போகிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் மூளையில் நிக்கோட்டின் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. திடீரென்று சப்ளையை நிறுத்தினால் அத்தனையும் காலியாகக் கிடந்து கத்தும். எரிச்சல், படபடப்பு, எதிலும் கவனம் நிற்காதது, தூக்கம் கெடுவது, கண்டபடி பசிப்பது எல்லாம் அந்தக் கத்தல்தான். இது உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில். அதற்கப்புறம் இறங்க ஆரம்பித்து 2 முதல் 4 வாரத்துக்குள் பெருமளவு அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மலை உச்சி வரைக்கும் ஏறிவிட்டு, இறக்கம் தொடங்குகிற இடத்தில் திரும்பி வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

குறைப்பதா, ஒரேயடியாக நிறுத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். 2016-இல் பிரிட்டனில் கிட்டத்தட்ட 700 பேரை வைத்து இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேர் 2 வாரம் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள், மறு பாதிப் பேர் குறித்த நாளில் சட்டென்று நிறுத்தினார்கள். இரு தரப்புக்கும் தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பேட்ச் போன்ற உதவிகளும் ஆலோசனையும் கிடைத்தன. 4 வாரம் கழித்துப் பார்த்தபோது குறைத்தவர்களில் 39 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள், சட்டென்று நிறுத்தியவர்களில் 49 சதவீதம். இதில் என் கட்சி சட்டென்று நிறுத்துவதுதான். குறைக்கும்போது என்ன ஆகிறது என்றால், மிச்சமிருக்கும் சிகரெட் ஒவ்வொன்றும் ரொம்ப அருமையாகிவிடுகிறது, நாள் முழுக்க அடுத்தது எப்போது என்பதிலேயே மனசு நிற்கிறது. அப்படியும் ஒரேயடியாக முடியவே முடியாது என்பவர்கள் குறைக்கலாம், ஆனால் கடைசி நாள் எது என்று முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும். தேதி இல்லாமல் குறைப்பவர்கள் பத்துக்கு இறங்கி, ஒரு மோசமான வாரத்தில் இருபதுக்கு ஏறுவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? இன்னும் 2 வாரத்துக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். அதிலிருந்து மூன்றாம் நாள் வேலைப் பளு குறைந்த நாளாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அன்று நான் கடுகடுவென்று இருப்பேன், கண்டுகொள்ளாதீர்கள் என்று வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். அதற்கு முன் ஒரு வாரம், பிடிக்கிற ஒவ்வொரு சிகரெட்டும் எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருக்கும்போது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். 15-இல் நிஜமாகவே உடம்பு கேட்டது எத்தனை, பழக்கதோஷத்தில் பற்ற வைத்தது எத்தனை என்று அதில் தெரியும். நிறைய பேருக்கு போன் பேசுவதே பெரிய வில்லன்: மணி அடித்ததும் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு நடப்பார்கள், ஹலோ சொல்வதற்குள் வாயில் சிகரெட் வந்திருக்கும், பற்ற வைத்ததே நினைவிருக்காது. அவர்கள் முதல் ஒரு மாதம் உட்கார்ந்த இடத்திலேயே, இன்னொரு கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்க்கலாம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். வேலை செய்கிறது.

அப்புறம், வெறும் கையோடு இறங்காதீர்கள். நிக்கோட்டின் பேட்ச், கம், மாத்திரை என்று வைத்தியம் இருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு விட்டால்தான் வீரம் என்று நினைப்பது எனக்குப் புரியவே இல்லை. உங்கள் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை: இத்தனை முறை விழுந்தும் மறுபடி முயல்கிறவரிடம் உறுதி இல்லை என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: நிக்கோட்டின் கம் வாங்கி மென்றேன். தொண்டை எரிந்தது, விக்கல் வந்தது, வயிற்றைப் புரட்டியது. இரண்டோடு தூக்கிப் போட்டுவிட்டேன். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல?

பதில்: கம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை, நீங்கள் அதை சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றிருக்கிறீர்கள். இதை யாரும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை, அட்டைக்குள் இருக்கும் துண்டுச் சீட்டை யாரும் படிப்பதும் இல்லை. நிக்கோட்டின் உள்ளே போக வேண்டியது கன்னத்தின் உள்பக்கத் தோல் வழியாக. மெதுவாக நாலைந்து தடவை கடியுங்கள், மிளகு கடித்த மாதிரி ஒரு காரம், சுருக்கென்று வரும். வந்ததும் நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடம் போல அப்படியே இருக்கட்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு கடி, இப்போது அடுத்த கன்னம். இப்படியே அரை மணி நேரம் ஓட்டலாம். விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும், அங்கே போனால் எரிச்சலும் விக்கலும்தான், மூளைக்குப் போக வேண்டியது போகாது.

இன்னொன்று, காபி, பழச்சாறு, குளிர்பானம் குடித்த கையோடு கம்மைப் போடாதீர்கள். அவற்றின் அமிலம் நிக்கோட்டின் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். 15 நிமிடமாவது இடைவெளி விடுங்கள், கம் வாயில் இருக்கும்போதும் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். அளவைப் பொறுத்தவரை, காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் வேண்டும் என்கிறவர்களுக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. முதல் சில வாரங்கள் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று நேரம் பார்த்துப் போடுங்கள். தாங்க முடியாத நிலை வரும்வரை காத்திருந்து போட்டால் கம் வேலை செய்வதற்குள் நீங்கள் சிகரெட்டைப் பற்ற வைத்திருப்பீர்கள், ஏனென்றால் இது புகை மாதிரி நொடியில் ஏறுவதில்லை, நிமிடக்கணக்கு ஆகும். இதோடு தோலில் ஒட்டும் பேட்ச்சும் சேர்த்தால் இன்னும் நல்லது: பேட்ச் நாள் முழுக்க ஒரே சீராக அடித்தளம் போட்டு வைக்கும், திடீரென்று எழும் வேட்கைக்கு மேலே கம். இரண்டும் சேர்ந்து தனித்தனியாக எடுப்பதைவிட அதிகம் பலன் தருகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். பேட்ச்சை இரவில் போட்டுக்கொண்டு தூங்கினால் கனவுகள் விசித்திரமாக வரும் சிலருக்கு, அவர்கள் படுக்கும்போது கழற்றிவிடலாம்.

அப்புறம் நிக்கோட்டினுக்கே அடிமையாகிவிட மாட்டேனா என்ற பயம். ஏற்கெனவே அடிமைதானே ஐயா. புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் முக்கியக் காரணம் எரிகிற புகையில் வரும் தார், கார்பன் மோனாக்சைடு வகையறா. சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் குறைந்தது 69 புற்றுநோய் உண்டாக்குபவை என்று தெரிந்திருக்கிறது. கம்மில் எரிவது எதுவும் இல்லை. 3 மாதம் வரை எடுத்துவிட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: விட்டு இரண்டு வாரம். பிடித்த காலத்தைவிட இப்போதுதான் அதிகம் இருமுகிறேன், சளி வருகிறது, வாயில் புண் வேறு. இதற்குப் பேசாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கலாமோ?

பதில்: வேண்டாம். மூச்சுக்குழாயின் உள்சுவரில் அழுக்கை மேலே தள்ளுகிற நுண்ணிய மயிரிழைகள் உண்டு, புகை அவற்றை முடக்கி வைத்திருந்தது, இப்போது அவை மறுபடி வேலைக்கு வந்திருக்கின்றன. வாய்ப்புண்ணும் முதல் வாரங்களில் பலருக்கு வருவதுதான், போய்விடும். சளியில் ரத்தம் தெரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு மாதம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டாலோ மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சிகரெட்டை நிறுத்தியதிலிருந்து நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. தினமும் ஐந்து காபி குடிப்பேன், அதை மாற்றவில்லை. சிகரெட்டுக்குப் பதிலாக ஒன்றிரண்டு கூடியிருக்கலாம்.

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. இது பல மருத்துவர்களே கேட்க மறக்கிற விஷயம், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். காபியில் இருக்கும் கஃபீனை உடைக்கிற நொதி ஒன்று கல்லீரலில் இருக்கிறது. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் அந்த நொதியை முடுக்கிவிடுகின்றன, அதனால் புகைப்பவர் உடம்பிலிருந்து கஃபீன் சீக்கிரமாக வெளியேறிவிடும். சிகரெட்டை நிறுத்தினால் சில நாட்களிலேயே நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. நீங்கள் குடிப்பது அதே ஐந்து காபி, ரத்தத்தில் தங்குவதோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் எல்லாம் வரும், நீங்கள் அதை சிகரெட் இல்லாத குறை என்று நினைத்துக்கொண்டு ஒன்றைப் பற்ற வைப்பீர்கள். விட்ட நாளிலிருந்தே காபியைப் பாதியாக்குங்கள், மதியத்துக்கு மேல் வேண்டாம்.

இதே நொதி சில மருந்துகளையும் உடைக்கிறது. மனநலத்துக்காக குளோசபைன், ஒலான்சபைன் எடுப்பவர்கள், ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் எடுப்பவர்கள் சிகரெட்டை நிறுத்தும் முன் தங்கள் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இதைக் காரணம் காட்டி விடாமல் இருந்துவிடாதீர்கள், சொல்லிவிட்டு விடுங்கள்.

கேள்வி: என் கணவர் சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். சட்டையில் வாசனை வருகிறது, கேட்டால் பக்கத்தில் யாரோ பிடித்தார்கள் என்கிறார். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஏதாவது கருவி உண்டா?

பதில்: உண்டு. மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்க்கிற கருவி இருக்கிறது, அது ஒரு நாளைக்குள் பிடித்ததை மட்டும் காட்டும். சிறுநீரில் கோட்டினின், அதாவது நிக்கோட்டின் உடம்பில் உடைந்து உண்டாகிற பொருள், இருக்கிறதா என்று பார்க்கிற பட்டையும் இருக்கிறது, அது சில நாள் முந்தியதையும் காட்டிவிடும், ஆனால் அவர் நிக்கோட்டின் கம் மென்றுகொண்டிருந்தாலும் பாசிட்டிவ் என்றுதான் காட்டும். நேர்மையாக விட முயன்றுகொண்டிருக்கிற மனிதரைத் திருடனாக்கிவிடுவீர்கள். வாங்காதீர்கள் அம்மா. பிடிபட்டவர் அடுத்து யோசிப்பது எப்படி விடலாம் என்று இருக்காது, இன்னும் நன்றாக எப்படி மறைக்கலாம் என்றுதான் இருக்கும்.

பொய் சொல்கிறார் என்றால் விட்டுவிட ஆசைப்படுகிறார், முடியவில்லை, அதை உங்களிடம் சொல்ல வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்களேன். விட்டாயா விட்டாயா என்பதைத் தவிர்த்து, எந்த நேரத்தில் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஒருவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் புகை கூடாது. அடுத்தவர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, குழந்தைகள் இருந்தால் இன்னும் மோசம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதெல்லாம் கதை.

கேள்வி: வயது 61. நாற்பது வருடமாகப் பிடிக்கிறேன். இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது?

பதில்: மூன்று வருடம் கிடைக்கும் ஐயா, சராசரியாக. 1951-இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் உடன் ஆராய்ச்சி செய்தவர்களும் 34,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைக் குறித்துக்கொண்டு 50 வருடம் பின்தொடர்ந்தார்கள். விடாமல் பிடித்தவர்கள் பிடிக்காதவர்களைவிட சுமார் 10 வருடம் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் சுமார் 3 வருடத்தையும், 50-இல் விட்டவர்கள் 6 வருடத்தையும், 40-இல் விட்டவர்கள் 9 வருடத்தையும் மீட்டார்கள், 30-இல் விட்டவர்கள் கிட்டத்தட்ட முழுவதையும். டால் சிகரெட் பிடித்தவர்தான், இதற்கு முந்தைய தன் ஆராய்ச்சியின் முடிவைப் பார்த்து அவரே விட்டார், 92 வயது வரை இருந்தார்.

நுரையீரலில் ஏற்கெனவே அழிந்த பகுதி திரும்பி வராது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மேலும் சரிகிற வேகம் குறையும், மாரடைப்பு அபாயம் ஒரு வருடத்திலேயே கணிசமாக இறங்கும். ஏதாவது அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் 4 வாரத்துக்கு முன்பாவது நிறுத்துங்கள், காயம் ஆறுவதிலும் மயக்க மருந்து தாங்குவதிலும் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: இருபதிலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டேன், அதுவும் லைட் சிகரெட். போதாதா?

பதில்: போதாது. ஒரு நாளைக்கு ஒன்று பிடிப்பவருக்கு புகையால் கூடுகிற இதய நோய், பக்கவாத அபாயம் இருபது பிடிப்பவருக்குக் கூடுவதில் ஏறத்தாழ பாதி இருக்கிறது என்று 2018-இல் 141 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். இருபதில் ஒரு பங்கு என்று நீங்கள் போட்ட கணக்கு இதயத்துக்குச் செல்லாது. லைட் என்பது பில்டரைச் சுற்றிப் பொடித்துளைகள் போட்டு, தார் அளவைப் பார்க்கிற இயந்திரத்தை ஏமாற்றுகிற வேலை. மனிதன் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளைகளை மூடிவிடும், போதாததற்கு இன்னும் ஆழமாக இழுப்பான். ஆனாலும் இருபதிலிருந்து ஒன்றுக்கு வந்தவருக்கு அந்தக் கடைசி ஒன்றையும் விட முடியும். அதற்கும் தேதி குறியுங்கள்.

கேள்வி: விடுவதற்கு மாத்திரை இருக்கிறதாமே? மனநிலையைப் பாதிக்கும் என்று படித்தேன். வேப் என்கிற மின் சிகரெட் எப்படி?

பதில்: வரெனிக்ளின் என்று ஒன்று. மூளையில் நிக்கோட்டின் உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அரைகுறையாக வேலை செய்யும். அதனால் வேட்கையும் குறையும், நடுவில் சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் இருக்காது. நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் எடுப்பது வழக்கம். குமட்டல்தான் பெரிய தொல்லை, சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு எடுத்தால் குறையும். மனநிலைப் பயம் ஒரு காலத்தில் பலமாக இருந்தது, 2016-இல் வெளியான 8,000 பேர் கொண்ட பெரிய சோதனையில் மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அந்தப் பிரச்சினை குறிப்பிடும்படி கூடவில்லை. சைட்டிசின் என்பது ஒரு செடியின் விதையிலிருந்து எடுப்பது, கிழக்கு ஐரோப்பாவில் 1960-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது, இதுவும் ஏறக்குறைய அதே வழியில் வேலை செய்கிறது. புப்ரோப்பியான் இன்னொன்று, வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த மூன்றோடு பேட்ச், கம் வகைகளையும் பரிந்துரைத்திருக்கிறது. எது உங்களுக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வேப் சில நாடுகளில் தடை செய்யப்பட்டது, சில நாடுகளில் விடுவதற்கே கொடுக்கிறார்கள். சிகரெட்டிலிருந்து முழுக்க மாறிக்கொள்பவருக்குக் கெடுதல் குறைகிறது. ஆனால் என்னிடம் வருபவர்களில் நிறைய பேர் அதையும் பிடித்து இதையும் பிடிக்கிறார்கள். பழக்கமே இல்லாதவர் அதைத் தொட வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: விட்டு ஏழு மாதம் ஆனது. நினைப்பே வரவில்லை. போன வாரம் ஒரு விசேஷத்தில் பழைய நண்பன் நீட்டினான், ஒன்றுதானே என்று வாங்கினேன். மறுநாள் இரண்டு. இன்று ஒரு பாக்கெட் வாங்கிவிட்டேன். எல்லாம் போச்சா?

பதில்: எதுவும் போகவில்லை. அந்தப் பாக்கெட்டை மட்டும் முடித்துவிட்டு விடலாம் என்று நினைக்காதீர்கள், இதைப் படித்து முடித்ததும் அதை அப்புறப்படுத்துங்கள்.

ஏழு மாதத்தில் உடம்பின் தேவை எப்போதோ தீர்ந்துவிட்டது, கூடிப்போன ஏற்பிகள் சில வாரங்களிலேயே இயல்புக்கு வந்துவிடும். உங்களை அன்று விழவைத்தது ஞாபகம். அந்த நண்பன், அந்தச் சூழல், கையில் ஒரு கோப்பை, பேச்சு சூடு பிடிக்கிற நேரம். மதுவும் கூட இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் இருக்கும். நினைப்பே வராத காலத்தில்தான் காவல் தளர்கிறது, நான்தான் விட்டவனாயிற்றே, ஒன்று பிடித்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றுகிறது. அந்த ஒன்று உங்களைக் கொல்லப்போவதில்லை. அது ஒரு அனுமதிச் சீட்டு, அதுதான் சிக்கல். மூளை நேற்று ஒன்றுமே ஆகவில்லையே என்று அடுத்த நாள் வாதாடும். அதைவிட மோசமாக, எப்படியும் கெட்டுவிட்டது, இனி என்ன என்றும் வாதாடும். இரண்டாவது வாதம்தான் அதிகம் பேரை பழைய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரு சறுக்கலுக்கு அடுத்த 24 மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்பதுதான் முக்கியம், நீங்கள் ஒரு வாரத்தில் கேட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை, இன்னும் காலம் இருக்கிறது.

இன்றே நிறுத்துங்கள். மீண்டும் ஒன்றிரண்டு வாரத்துக்கு கம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நண்பனுக்கு போன் செய்து, அடுத்த முறை நான் கேட்டாலும் கொடுக்காதே என்று சொல்லுங்கள். நல்ல நண்பன் என்றால் கிண்டல் செய்துவிட்டு ஒத்துக்கொள்வான். அடுத்த விசேஷத்துக்குப் போகும்போது நீட்டினால் என்ன சொல்வது என்பதைப் போகும் வழியிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், "விட்டுட்டேன்டா" என்ற ஒரு சொல் போதும். "இப்போ வேண்டாம்" என்று சொன்னால் அரை மணி கழித்து மறுபடி நீட்டுவார்கள்.

கேள்வி: விட்டால் குண்டாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதல் வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ கூடுகிறது, சிலருக்குக் கூடுவதே இல்லை, சிலருக்குப் பத்து. இந்த எடையோடு சேர்த்துக் கணக்குப் போட்டாலும் விடுவது இதயத்துக்கு லாபம்தான். உணவுக் கட்டுப்பாட்டையும் இதையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள், இரண்டும் கெடும். முதலில் சிகரெட்.

கேள்வி: விட்டு ஒரு மாதம். ஒரு முழு பாக்கெட்டை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இருந்தும் தொடவில்லை என்பதில் ஒரு தைரியம். தப்பா?

பதில்: தப்பு. வேட்கை வந்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும், கடைக்குப் போய் வர அதைவிட அதிக நேரமாகும், அந்த இடைவெளிதான் உங்களுக்குப் பாதுகாப்பு. இழுப்பறையைத் திறக்க இரண்டு நொடி போதும். குப்பைத் தொட்டியில் அப்படியே போடாதீர்கள், ராத்திரி போய்க் கிளறி எடுத்தவர்கள் உண்டு. குழாயைத் திறந்து நன்றாக நனைத்துவிட்டுப் போடுங்கள். லைட்டர், சாம்பல் கிண்ணம், கோட்டுப் பையில் மறந்துபோன அந்த ஒற்றை சிகரெட், எல்லாமே.